கையெழுத்துக் கேட்கும் 1,10,000 ரூபாய்

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் 11 ஆண்டு 8 மாதம் லேத் ஆபரேட்டராக வேலை பார்த்தேன். மொத்தமே அறுபது தொழிலாளர்கள்தான். 2025 ஜூனில், ஆர்டர் இல்லை என்று முன்னறிவிப்பே இல்லாமல் எட்டுப் பேரை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு லேத்காரர்கள் இன்றும் உள்ளே இருக்கிறார்கள். என் கடைசிச் சம்பளம் 19,500 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 15,600, வீட்டு வாடகைப்படி 3,900. சொந்த விருப்பத்தில் விலகுவதாக எழுதிக் கொடுத்தால் ‘எல்லாம் சேர்த்து’ 1,10,000 ரூபாய் தருகிறார்களாம். கையெழுத்துப் போடலாமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கோவை)

பதில்: போடாதீர்கள் தம்பி. அந்த 1,10,000 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். உங்கள் 15,600 ரூபாயை 26 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 600. அதைப் பதினைந்தால் பெருக்கினால் 9,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகிவிடும் என்பதால் உங்கள் சர்வீஸ் 12 ஆண்டு. ஆக 1,08,000. இது உங்கள் கிராஜுவிட்டி. ஐந்து ஆண்டு முடித்தவர் ராஜினாமா செய்தாலும் கொடுத்தே ஆக வேண்டிய பணம். அதன்மேல் 2,000 ரூபாயை வைத்துவிட்டு ‘எல்லாம் சேர்த்து’ என்கிறார்கள். கணக்குப் போட்டவர் கெட்டிக்காரர்.

உங்கள் வழக்கு ஆள்குறைப்பு. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டத்தின் 25எஃப் பிரிவுப்படி ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம், அதற்குமேல் ஆண்டுக்குப் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. இங்கே 26ஆல் வகுக்கும் கணக்கு கிடையாது, மாதத்தில் பாதி. ஆனால் வாடகைப்படியும் சேரும். 9,750 பெருக்கல் 12, அதாவது 1,17,000. நோட்டீஸ் சம்பளம் 19,500. கிராஜுவிட்டியோடு கூட்டினால் 2,44,500 ரூபாய். எடுக்காத விடுப்புக்கான சம்பளமும் போனஸும் தனி. பி.எஃப். உங்கள் சொந்தப் பணம், அதை யாரும் இந்தப் பேரத்தில் இழுக்கக் கூடாது. பத்து ஆண்டு தாண்டிவிட்டதால் பென்ஷன் பகுதியை மொத்தமாக எடுக்க முடியாது. உங்கள் சர்வீஸைப் பின்னால் பென்ஷனுக்குக் காட்டும் சான்றான ஸ்கீம் சர்டிபிகேட்டை பி.எஃப். அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ராஜினாமாக் கடிதத்தை ஏன் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறார்கள் என்று புரிகிறதா? அது கைக்கு வந்துவிட்டால் ஆள்குறைப்பே நடக்கவில்லை, இழப்பீடும் இல்லை. என் அப்பா மில்லில் கணக்கு முடித்த அன்று, பழுப்புக் கவரைப் பிரிக்காமலே மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். நான் தொழிலாளர் வழக்குகளுக்கு வந்ததற்கு அந்தக் கவரும் ஒரு காரணம்.

இன்னொன்று. ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் பொதுவாக முதலில் அனுப்ப வேண்டும். மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். உங்கள் இளையவர்கள் லேத்தில் நிற்கிறார்கள் என்பது உங்களுக்குச் சாதகம். இழப்பீட்டை வேலை நீக்கத்தின்போதே தராததும் சாதகமே, அந்த நீக்கமே செல்லாது என்று வாதாடலாம். ஆனால் மீண்டும் வேலை கிடைத்தே தீரும் என்று நம்பிவிடாதீர்கள். நீதிமன்றங்கள் இப்போது பல வழக்குகளில் வேலைக்குப் பதில் ஒரு தொகையைத்தான் தரச் சொல்கின்றன.

தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுங்கள். 45 நாளில் முடியாவிட்டால் வழக்காகப் போகலாம். பழைய சட்டத்தில் இதற்கு மூன்று ஆண்டு அவகாசம். அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமான தொழில் உறவுகள் தொகுப்பில் இரண்டே ஆண்டு. எது உங்களுக்குப் பொருந்தும் என்ற சர்ச்சைக்கே இடம் கொடுக்காமல் இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். (அந்தத் தேதிக்குப் பிறகு நிறுத்தப்பட்டவர்களுக்கு, இழப்பீடு போக, வேலை இழந்தவர்கள் புதுத் திறன் கற்க உதவும் மறுதிறன் நிதியிலிருந்து 15 நாள் சம்பளமும் உண்டு. உங்கள் ஜூன் மாதத்துக்கு அது வராது.)

கிராஜுவிட்டியை இதோடு கலக்காதீர்கள். முப்பது நாளில் தந்திருக்க வேண்டிய தொகை அது, தாமதத்துக்கு வட்டி உண்டு. கம்பெனிக்குத் தனி விண்ணப்பம் எழுதி, ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்புங்கள். சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். பாஸ்புக் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை மச்சினர் வீட்டில் வையுங்கள்.