சிங்கப்பூரில் வேகமாக ஓட்டியதற்கு அபராதக் கடிதம் வந்துவிட்டது. வக்கீல் வைக்கவேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கடிதத்தை எடுத்து, இரண்டு எண்களை மட்டும் பாருங்கள்: அந்தச் சாலையின் வேக வரம்பு, கேமராவில் பதிவான உங்கள் வேகம்.

உதாரணமாக, 90 வரம்புள்ள பிஐஇ விரைவுச்சாலையில் 104 என்றால் வழக்கமாக அபராதத்தோடும் டிமெரிட் புள்ளிகளோடும் (ஓட்டுநர் கணக்கில் சேரும் தண்டனைப் புள்ளிகள்) முடிந்துவிடும். கெடுவுக்குள் கட்டினால் நீதிமன்றம் போகவேண்டியதில்லை. அந்தத் தொகைக்காக வக்கீலுக்குக் காசு கொடுப்பது வீண். அவசரமாக மருத்துவமனைக்கு ஓடினீர்கள் என்றால், ஆதாரத்தோடு போக்குவரத்துக் காவல்துறைக்கு நீங்களே மேல்முறையீடு எழுதலாம்.

வரம்பைவிட மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் கூடுதல் வேகத்தில் போயிருந்தால் கதை வேறு. அது நீதிமன்ற வழக்கு, உரிமமே பறிபோகலாம். ஓராண்டோ அதற்கு மேலோ தகுதியிழந்தால், தேர்வுகளை எல்லாம் மறுபடி எழுதி, ஓட்டிக் காட்டித்தான் உரிமம் வாங்கவேண்டும். டெலிவரி வேன் ஓட்டிக் குடும்பம் நடத்துபவருக்கு இது எவ்வளவு பெரிய இடி! அங்கே வக்கீல் கட்டாயம் வேண்டும். வசதி இல்லையென்றால் புரோ போனோ எஸ்ஜி என்ற தொண்டு அமைப்பின் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போங்கள்.

அப்புறம், புள்ளிக் கணக்கு. 24 மாதங்களில் 24 புள்ளி சேர்ந்தால் உரிமம் இடைநிறுத்தம். புதிதாக உரிமம் எடுத்தவருக்கு முதல் ஆண்டில் 13 புள்ளியே போதும், உரிமம் ரத்து. விளிம்பில் நின்றால் சின்ன அபராதத்துக்கும் ஒருமுறை ஆலோசனை கேளுங்கள்.

தயவுசெய்து மச்சான்தான் ஓட்டினார் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பொய் விவரம் கொடுப்பது தனிக் குற்றம்.