அப்பாவுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்: ஃப்ளாட்டில் பயமில்லாமல் செய்வது எப்படி?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. ஊரில் இருந்தவரை சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். எங்களோடு ஃப்ளாட்டுக்கு வந்தபின் அது நின்றே போய்விட்டது. கேட்டால், "பாத்ரூம் வழுக்கும், உனக்கு எதுக்கும்மா வீண் வேலை" என்கிறார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். சட்டை, வாட்ச் எதுவும் வேண்டாம் என்பவருக்கு இதையாவது மறுபடி ஏற்பாடு செய்து கொடுக்க ஆசை. முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். அப்பா பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஊரில் முற்றத்துக் கல்லில் உட்கார்ந்து தேய்த்து, கிணற்றடியில் குளித்தவர் அவர். சொரசொரப்பான கல்லில் எண்ணெய் சிந்தினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பளபளக்கும் டைல்ஸில் எண்ணெயும் சோப்பு நீரும் சேர்ந்தால் கால் நிற்காது. ஆகவே முதல் வேலை, எண்ணெய் தேய்ப்பதைக் குளியலறையிலிருந்து வெளியே கொண்டுவருவது. பால்கனியோ ஹாலில் வெயில் விழும் மூலையோ போதும். பழைய போர்வையை நான்காக மடித்து விரித்து, அதன்மேல் கைப்பிடி உள்ள நாற்காலியைப் போடுங்கள். முழங்கால் வலி உள்ளவரை மணையில் உட்கார வைக்காதீர்கள், எழும்போதுதான் தடுமாறுவார்.

இன்னொரு விஷயம்: பாதத்துக்கு இங்கே எண்ணெய் தொடவே கூடாது. உள்ளங்காலில் எண்ணெயோடு பத்தடி நடப்பதுதான் பலரை விழவைக்கிறது. பாதத்துக்குக் குளியலறை நாற்காலியில் உட்கார்ந்தபிறகு தேய்த்துக்கொள்ளலாம்.

எண்ணெய், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயாக இருக்கட்டும். தலைக்கு 15 மில்லி, உடம்புக்கு 50 மில்லி தாராளம். அதற்குமேல் ஊற்றுவது தோலில் இறங்காது, தரைக்குத்தான் போகும். சின்ன இரும்புக் கரண்டியில் எண்ணெயை ஊற்றி, நாலைந்து மிளகு, கால் ஸ்பூன் சீரகம் போட்டு இளந்தீயில் வையுங்கள். சீரகம் பொரிந்ததும் இறக்கிவிட வேண்டும். புகைய விட்டால் வாசனை கெட்டுவிடும். உங்கள் முன்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாக இருந்தால் மட்டும் அவருக்குத் தேயுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் சிலருக்குக் கை கால்களில் சூடு சரியாக உறைக்காது. அவர் "பரவாயில்லை" என்று சொல்வதை நம்ப வேண்டாம், உங்கள் தோல்தான் அளவுகோல்.

உச்சியில் ஒரு உள்ளங்கை எண்ணெய் வைத்துத் தொடங்குங்கள். விரல் நுனியால் ஐந்து நிமிடம், நகம் படாமல் தேய்க்கலாம். பிறகு காதின் பின்புறம், பிடரி, தோள். அப்பாக்களுக்கு இறுகிக் கிடக்கும் இடம் பெரும்பாலும் தோளும் பிடரியும் சேரும் அந்த மேடுதான். கட்டைவிரலை அங்கே ஊன்றி, அவர் மூச்சு விடும்போது அழுத்தி, இழுக்கும்போது தளர்த்துங்கள். பக்கத்துக்குப் பத்து முறை செய்தால் தோள் தானாகத் தாழ்வது தெரியும். முதுகுத்தண்டின் எலும்பில் அழுத்தக் கூடாது, அதன் இருபுறமும் உள்ள சதையில் மட்டும். கழுத்தின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் விட்டுவிடுங்கள். அங்கே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஓடுகிறது, வயதானவர்களுக்கு அழுத்துவது நல்லதல்ல. கை கால்களில் நீளவாக்கில் உருவி, மூட்டுகளில் வட்டமாகத் தேயுங்கள். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது வேண்டாம்.

மகள் தேய்க்கும்போது சில அப்பாக்கள் கூச்சப்படுவார்கள். தலை, தோள், முதுகு, கை ஆகியவற்றை மட்டும் நீங்கள் பார்த்துக்கொண்டு, மற்றதை அவரிடமே விட்டுவிடுங்கள். எண்ணெய்க்கென்றே ஒரு பழைய வேட்டியும் துண்டும் எடுத்து வைத்துவிட்டால், துணி கெடுமே என்ற அவருடைய கவலையும் போய்விடும்.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் அந்தக் காலை உருவவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், முதலில் டாக்டர் பார்க்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அழுத்தமே இல்லாமல் தடவினால் போதும். ஆறாத புண், காய்ச்சல் இருக்கும் வாரம் குளியல் வேண்டாம்.

இனி மாத்திரை விஷயம். எண்ணெய்க் குளியல் நாளில் பெரியவர்கள் வெறும் வயிற்றோடு உட்காருவதே வழக்கம். தேய்த்து, ஊறி, குளித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். காலையில் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சட்டென இறங்கிவிடும். ஆகவே வழக்கமான நேரத்தில் மாத்திரையோடு இரண்டு இட்லியும் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். இன்சுலின் போடுபவராக இருந்தால், ஊசி போட்ட இடத்தில் தேய்க்கவோ சுடுநீர் ஊற்றவோ கூடாது. மருந்து வேகமாக ரத்தத்தில் ஏறிவிடும். பிரஷர் மாத்திரையில் வேறு சிக்கல். வெந்நீர் பட்டதும் ரத்தக்குழாய்கள் விரியும், பல பிரஷர் மாத்திரைகளும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கும், குளித்துவிட்டுச் சட்டென எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். பிராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் அதிகம். உட்கார்ந்தே குளிக்கட்டும். முடிந்ததும் இரண்டு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு எழட்டும்.

எண்ணெய் ஊற 20 நிமிடம் போதும். சளி, சைனஸ் தொல்லை உள்ளவர் என்றால் தலைக்குப் பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஊறிய பிறகு, குளியலறைக்குப் போகும் முன், பழைய வேட்டித் துணியால் உடம்பை ஒருமுறை அழுத்தித் துடைத்துவிடுங்கள். பலரும் விட்டுவிடும் படி இது. மீதி எண்ணெயில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். தரையிலும் சாக்கடைக் குழாயிலும் சேர்வது அந்த அளவுக்குக் குறையும். அந்தத் துணியை அன்றே சோடா உப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்துவிட வேண்டும். நாள்பட்டால் சிக்கு வாடை போகவே போகாது.

குளியலறையில் அதற்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். நாலு காலிலும் ரப்பர் புஷ் உள்ள, கைப்பிடி வைத்த நாற்காலி. காலுக்கடியில் ரப்பர் மேட். சொரசொரப்பான டைல்ஸ் என்றால் அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் மேட் ஒட்டாது, கனமான துளைகள் உள்ள மேட் வாங்குங்கள். துண்டுக் கம்பியும் குழாயும் ஆள் கனம் தாங்காது. பிடித்து எழுவதற்குச் சுவரில் திருகிய தனிக் கைப்பிடி வேண்டும். கதவைத் தாழிட வேண்டாம், சாத்தினால் போதும்.

கீசரில் தண்ணீர் 60 டிகிரி வரை போகும், அந்தச் சூடு சில விநாடிகளில் தோலைப் புண்ணாக்கிவிடும். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, அதில் வெந்நீரைக் கலந்து, உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். 37 முதல் 39 டிகிரி சரியாக இருக்கும். அவர் உள்ளே போகும் முன் கீசர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஹீட்டர் ராடு வைத்திருக்கும் வீட்டில், பிளக்கைப் பிடுங்காமல் யாரும் தண்ணீரைத் தொடக் கூடாது.

அப்பாவின் தலைக்கு இரண்டு மேசைக்கரண்டி சீயக்காய்த்தூள் போதும். முன்பு வடித்த கஞ்சியில் குழைப்பார்கள். குக்கர் வந்தபின் கஞ்சிக்கு எங்கே போவது? ஒரு ஸ்பூன் அரிசி மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் அதுவே கஞ்சி. தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து, நுரை வராததைப் பற்றிக் கவலைப்படாமல் தேயுங்கள். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், தலையைப் பின்னால் சாய்த்து அலச வேண்டும். கொங்குப் பக்கத்தில் பழகியவர் என்றால் அரப்பு (உசிலை இலைத்தூள்) கேட்பார், அதுவும் நல்லது. உடம்புக்குப் பாசிப்பயறு மாவு நாலு கரண்டி. சோப்பைப் போட்டு இரண்டு முறை தேய்த்தால் எண்ணெய் கொடுத்த மென்மை எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். லேசாக மினுமினுப்பு மிஞ்சுவதுதான் சரியான குளியல்.

மாவும் எண்ணெயும் முடியும் சேர்ந்தால் களிமண் மாதிரி ஆகிக் குழாயை அடைக்கும். தரைக் குழாயின் வாயில் சல்லடைத் தட்டு போட்டு, முடிந்ததும் கசடை அள்ளிக் குப்பையில் போடுங்கள். பிறகு அரை பக்கெட் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து தரையைப் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் அப்பா பத்திரமாக வந்துவிடுவார், அடுத்து உள்ளே போகும் ஆள் வழுக்கி விழுவார். இந்தக் கழுவல் வேலையை அவரிடம் விடாதீர்கள். ஊரில் அம்மா கழுவியிருப்பார், இங்கே அது மகளுக்குச் சுமை என்றுதான் அவர் ஒதுங்குகிறார்.

கால்விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெயும் ஈரமும் தங்கினால் சேற்றுப்புண் வரும், சர்க்கரை உள்ளவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. தலை காயும்வரை ஃபேனுக்கு நேர் கீழே உட்கார வேண்டாம்.

எண்ணெய் அடுப்பில் இருக்கும்போதே ஃபில்டரில் டிகாக்ஷன் போட்டுவிடுங்கள். மூன்று மேசைக்கரண்டி பொடிக்கு 150 மில்லி கொதிநீர். பொடியின்மேல் வைக்கும் குடைத் தட்டை லேசாக அழுத்தினால் போதும், இறுக்கினால் சொட்டாது, தளர்வாக விட்டால் நீர்த்துப்போகும். சரியாக இறங்க இருபது நிமிடம், அவர் குளித்து வரும்போது தயாராக இருக்கும். அடிக்கடி அடைத்துக்கொண்டால் மேல் கிண்ணத்தைத் தணலில் காட்டி, துளைகளில் ஒட்டிய தூள் கருகியதும் தேய்த்துக் கழுவுங்கள். சர்க்கரை சேர்க்காத காபிக்குப் பாலைக் கொஞ்சம் சுண்டக் காய்ச்சினால் அதன் இனிப்பே போதும்.

மதியத்துக்கு மிளகு ரசம், ஒரு துவையல், சுடுசோறு. எண்ணெய் தேய்த்த நாளில் பகல் தூக்கம் ஆகாது என்று அவரே சொல்வார். நீண்ட தூக்கம் இரவைக் கெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஈஸி சேரில் அரைமணி நேரம் சாய்ந்து கண் மூடுவதில் தப்பில்லை. அந்த அரைமணிக்கு அவர் போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை தலைக்கும் தோளுக்கும் மட்டும் தேய்த்துப் பாருங்கள், அவர் உடம்புக்கு ஒத்துக்கொண்டால் அடுத்த சனிக்கிழமை முழுக் குளியல்.