கவர்ஸ்லிப் ஓரத்தில் பரவும் வெள்ளைத் திட்டு: ஸ்லைடுகளைத் தூக்கி எறியாதீர்கள்

நுண்ணோக்கி ஸ்லைடுகளில் திசுவை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பின் ஓரத்தில் வெள்ளைத் திட்டு பரவுகிறது, அது பூஞ்சையா என்று கேட்டிருந்தீர்கள். அது பூஞ்சையாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் சொல்வதுபோல் ஓரத்திலிருந்து இலை நரம்பாகக் கிளைத்து உள்ளே பரவுகிறது என்றால், அநேகமாகக் காற்று புகுந்திருக்கிறது. சரிசெய்துவிடலாம்.

கவர்ஸ்லிப்பை ஒட்டும் பிசினான டிபிஎக்ஸில் (DPX) உள்ள சைலீன் என்ற கரைப்பான் ஆவியாகும்போது பிசின் சுருங்கும். முதலில் வைத்த துளி சிறிதாக இருந்திருந்தால், காலியான இடத்தில் காற்று நுழைந்துவிடும். மாணவர் செய்த ஸ்லைடுகளில் இது மிகவும் சகஜம்.

மிக மோசமான ஒரே ஒரு ஸ்லைடில் சோதியுங்கள். ஓரத்தில் ஒரு துளி சைலீன் விட்டுச் சற்றுப் பொறுங்கள். திட்டு தெளிந்தால் காரணம் அதுதான். பிறகு முழு ஸ்லைடையும் மூடிய சைலீன் ஜாடியில் ஊறப் போடுங்கள். கவர்ஸ்லிப் தானாகவே வழுக்கி விழ வேண்டும். பழைய ஸ்லைடுகளுக்குச் சில நாட்கள்கூட ஆகும். தயவுசெய்து பிளேடால் நெம்பாதீர்கள், திசுவும் சேர்ந்து பெயர்ந்துவிடும். விழுந்தபின் புதிய டிபிஎக்ஸில் மூடி, முற்றிலும் உலரும்வரை படுக்கை வசத்தில் வையுங்கள்.

சைலீனுக்கு அசையவே இல்லையென்றால், ஒட்டப் பயன்பட்டது டிபிஎக்ஸ் அல்ல, நீரில் கரையும் கிளிசரின் ஜெல்லியாக இருக்கலாம். அதற்கு வெதுவெதுப்பான நீர்தான்.

லேபிளை முதலில் படமெடுத்து, வைரப் பேனாவால் கண்ணாடியிலேயே எண்ணைக் கீறிவிடுங்கள். சைலீன் மையை அழித்துவிடும். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைபோக்கி அலமாரிக்கு (fume hood) வெளியே இந்த வேலை வேண்டாம்.