வாசகர் கேள்விகள்: திண்ணைப் பள்ளியும் மதிய உணவும்

கேள்வி: வெள்ளைக்காரர் வந்த பிறகே நம் நாட்டில் பள்ளிக்கூடம் தோன்றியது என்று எங்கள் ஊர்ப் பட்டிமன்றத்தில் ஓர் அணியினர் வாதிட்டார்கள், அதற்கு முன்பே எல்லாரும் கற்றிருந்தார்கள் என்று மறு அணியினர் வாதிட்டார்கள். எது சரி, ஐயா?
– வாசகர் ஒருவர், அம்பாசமுத்திரம்

பதில்: முதல் அணி சொன்னது தவறு. மறு அணியின் வாதமும் ஓர் எல்லைக்கு மேல் நிற்காது.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டக் கலெக்டர்கள் அனைவரிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். அவர்கள் அனுப்பியவற்றைத் தொகுத்து 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பிள்ளைகள் படித்தார்கள். அரசாங்கம் கட்டிக் கொடுத்த பள்ளிகள் அல்ல இவை. ஊராரும் பெற்றோரும் நெல்லும் காசும் கொடுத்துக் காப்பாற்றிய திண்ணைப் பள்ளிகளே மிகுதி. ஆசிரியரான அண்ணாவியின் முன் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை, பிறகு ஏட்டுக்கும் எழுத்தாணிக்கும் முன்னேறி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி என்னும் வாய்பாடு, நிகண்டு என்னும் சொற்பொருள் நூல் என்று மனப்பாடம் செய்தது. மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். மணலில் எழுதும் இந்த வழக்கத்தைக் கண்ட ஆண்ட்ரூ பெல் என்பவர், சென்னை எழும்பூரில் தாம் நடத்திய ஆதரவற்ற சிறுவர் பள்ளியில் அதைக் கைக்கொண்டு, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்து, 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அங்கே ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகள் பலவற்றில் அந்த முறை ‘சென்னை முறை’ என்ற பெயரிலேயே பரவியது. இதை நம் பாடநூல்கள் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆயினும் அதே கணக்கை முழுவதும் படிக்க வேண்டும். 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. தமிழ் மாவட்டங்களில் பிராமணரல்லாத மாணவர்களே பெரும்பான்மையினர் என்பது உண்மை. ஆனால் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடம் இல்லை. பள்ளி செல்லும் வயதிலிருந்த ஆண் பிள்ளைகளிலும், வீட்டில் கற்றவர்களைச் சேர்த்தே, ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் கல்வி கிடைத்தது என்று மன்றோ கணித்தார். பள்ளிகள் எத்தனை என்பதோடு நில்லாமல், அவற்றுக்குள் யார் நுழைய முடிந்தது என்றும் கேட்டிருந்தால் தங்கள் ஊர்ப் பட்டிமன்றம் இன்னும் பயனுள்ளதாக இருந்திருக்கும்.

நம் நெல்லைச் சீமையில் அந்தக் கேள்விக்குச் செயலால் விடை தேடியவர்களுள் கிறிஸ்தவ மிஷன் பள்ளியினர் முக்கியமானவர்கள். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்தார். மதம் பரப்புவதே அவர்களுடைய முதல் நோக்கம். அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் பெண்களும் ஒடுக்கப்பட்டவர்களும் எழுத்தறிய அப்பள்ளிகள் வழி செய்தன. இந்த மண்ணைக் கண்ணால் காணாத சாராள் தக்கர் என்ற ஆங்கிலப் பெண்மணியின் பெயரில் எழுந்த பெண்கள் பள்ளி 1895இல் கல்லூரியாக உயர்ந்தது. பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்கும் பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பள்ளிகள் தோன்றின. இந்தியக் கல்வி குறித்து ஆங்கில அமைச்சர் சார்லஸ் உட் 1854இல் அனுப்பிய உட் அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்க வழி வகுத்தது. இன்று நம் சிற்றூர்களில் காணும் டி.டி.டி.ஏ. (திருநெல்வேலித் திருமண்டலக் கிறிஸ்தவ அறக்கட்டளை) தொடக்கப் பள்ளிகள் போன்ற அரசு உதவி பெறும் பள்ளிகள் அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சியே.

கேள்வி: பள்ளியில் சோறு போடுவதைக் கல்வி வளர்ச்சி என்று சொல்வது பொருந்துமா?
– வாசகி ஒருவர், கோவில்பட்டி

பதில்: முழுவதும் பொருந்தும், அம்மா. சென்னை மாநகராட்சி 1920இலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு வழங்கியது. அது மாநிலம் தழுவிய திட்டமாகக் காமராசர் ஆட்சியில் 1956இல் விரிந்தபோது, தொடக்க விழாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர், அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த எட்டயபுரம். பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் மக்களையும் அதில் பங்கேற்கச் செய்தார். நெல்லும் காய்கறியும் விறகும் கொடையாக வந்தன. காட்டு வேலைக்கோ ஆடு மேய்க்கவோ சென்று அன்றைய கஞ்சிக்கு வழி தேட வேண்டிய பிள்ளைக்கு, ஆசிரியரும் கட்டடமும் மட்டும் இருந்தால் போதாது. பசியும் அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே நிறுத்திய தடைதான். 1982இல் சத்துணவாகவும், 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவாகவும் அந்தத் தடையை நீக்கும் வேலை தொடர்ந்து வருகிறது.