காலியாக இருந்த ஏழு டம்ளர்

(அங்கன்வாடிப் பணியாளராகச் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வுபெற்ற வாசகி ஒருவர், சின்னக் குழந்தைகளோடு வேலை பார்ப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அங்கன்வாடி வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது, மேடம். போன பயிற்சியில், 'தினமும் உங்கள் வேலையை நீங்களே யோசித்துப் பார்த்து எழுதுங்கள்' என்றார்கள். வருகை, எடை, சத்துமாவு இருப்பு என்று ஏற்கெனவே பதிவேடுகள். போதாததற்குப் போனில் 'போஷன் டிராக்கர்' என்ற அரசுச் செயலி. இதில் இன்னொரு நோட்டா? எழுத உட்கார்ந்தாலும் 'பாட்டு சொல்லிக் கொடுத்தேன், குழந்தைகள் மகிழ்ந்தனர்' என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை.
– அங்கன்வாடிப் பணியாளர், மணப்பாறை

பதில்: 'குழந்தைகள் மகிழ்ந்தனர்.' இந்த வரிக்குக் கீழே எத்தனை கையெழுத்துப் போட்டிருப்பேன்! நானும் அதை எழுதியவள்தான். மழையில் பாதிப் பிள்ளைகள் வராத நாளிலும் மகிழ்ந்தார்கள், கூரை ஒழுகிய நாளிலும் மகிழ்ந்தார்கள்.

பதிவேட்டைக் குறை சொல்ல மாட்டேன். 1975-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியதிலிருந்தே, எந்தக் குழந்தை மெலிகிறது என்று கண்டுபிடிக்க நமக்கு அதுதான் துணை. ஆனால் அது கேட்பது எல்லாம் குழந்தையைப் பற்றி. எடை என்ன, உயரம் என்ன, வந்ததா, சாப்பிட்டதா. இன்றைக்கு உங்கள் குரல் எந்த நேரத்தில் உயர்ந்தது, யார் பக்கம் நீங்கள் திரும்பவே இல்லை என்று எந்தப் பதிவேடும் கேட்காது. அந்தப் பயிற்சியில் சொன்ன நோட்டு அதற்குத்தான்.

எனக்கு இது புரிந்தது பயிற்சியில் அல்ல, புளியங்கொட்டையில். 1994 என்று நினைவு. என் மையத்தில் 23 பிள்ளைகள். நான் எல்லோரையும் ஒன்றாகத்தான் பார்க்கிறேன் என்று ஒருநாள் எங்கள் ஆயாவிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மா சிரித்த விதம் சரியாக இல்லை. சரி, எண்ணிப் பார்த்துவிடலாம் என்றேன். பிள்ளைகளின் டம்ளர்களை ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்தோம். நான் ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் ஆயா அந்த டம்ளரில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். காலை பத்து மணியிலிருந்து சாப்பாட்டு மணி வரை.

ஒரு டம்ளரில் 31 கொட்டை. ஓடிக்கொண்டே இருக்கும் பையன், அத்தனையும் 'டேய்' சேர்த்துக் கூப்பிட்டவை. ஏழு டம்ளர் காலி. அந்த ஏழு பேரும் தொந்தரவே தராத பிள்ளைகள். 'நல்ல பிள்ளைகள்' என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்.

அதில் ஒரு பெண்குழந்தை. என் குறிப்பில் அவளைப் பற்றி 'பேசுவதில்லை' என்று எழுதியிருந்தேன். ஆயாவிடம் சொன்னபோது, "யாரு, இதுவா? கை கழுவ வரும்போது வாய் ஓயாது டீச்சர். அவங்க வீட்டு ஆடு குட்டி போட்ட கதை முழுக்க எனக்குத் தெரியும்" என்றார். பேசாமல் இருந்தது நான்தான். பழியை அவள் பெயரில் எழுதி வைத்திருந்தேன்.

மறுநாளிலிருந்து கை கழுவும் இடத்தில் நானும் போய் நின்றேன். 'குட்டி என்ன நிறம்?' என்று கேட்டால் ஆயாவைப் பார்ப்பாள், என்னைப் பார்க்க மாட்டாள். ஒன்பதாவது நாள் 'கறுப்பு' என்றாள். அவ்வளவுதான். அன்று நோட்டில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதினேன்.

ஆகவே பக்கம் நிரப்ப வேண்டாம். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் மூன்று வரி போதும். அன்றைக்கு மனசில் உறுத்திய ஒன்று, அதற்குச் சற்று முன்னால் நீங்கள் செய்துகொண்டிருந்தது, நாளைக்கு மாற்றிப் பார்க்கப்போவது. 'கவனம் இல்லாத பையன்' என்று எழுதாதீர்கள். அது தீர்ப்பு, அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்காது. 'கதை சொல்லும்போது மூன்று தடவை வாசலைப் பார்த்தான்' என்று எழுதுங்கள். வாசலில் என்ன இருந்தது என்று உங்களுக்கே கேட்கத் தோன்றும்.

கேள்வி: தனியார் பள்ளியில் எல்கேஜி எடுக்கிறேன். மத்தியானத்துக்கு முன்னால் என்னையறியாமல் கத்திவிடுகிறேன். வீட்டுக்குப் போய் அழுகிறேன். நான் இந்த வேலைக்கு லாயக்கா?
– ஆசிரியை, திருப்பூர்

பதில்: லாயக்கா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், தங்கச்சி. எத்தனை மணிக்குக் கத்துகிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பதினொன்றரையையொட்டி வந்தால், பிள்ளைகளுக்கும் பசி, உங்களுக்கும் பசி. காலையில் என்ன சாப்பிட்டு வந்தீர்கள்? அந்த நேரத்தில் போய் எழுத்துப் பயிற்சி வைத்திருக்கிறீர்களா? அதை ஒன்பதரைக்கு மாற்றிவிட்டு, அங்கே பாட்டையோ மணல் விளையாட்டையோ போடுங்கள். பள்ளி நேர அட்டவணை இடம் தராது என்பீர்கள். கேட்டுப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வர வேண்டாம். ஒரு வாரக் குறிப்போடு போனால் தலைமையாசிரியை காதுகொடுக்க வாய்ப்பு உண்டு. அழுதுகொண்டு போனால் 'லீவு எடுத்துக்கோ' என்பார்.

டொனால்ட் ஷான் என்ற அமெரிக்கர் 1983-ல் எழுதியது இது: வேலை முடிந்தபின் யோசிப்பது ஒன்று, வேலை நடக்கும்போதே யோசித்துத் திருத்திக்கொள்வது இன்னொன்று. முதலாவது பழகினால் இரண்டாவது மெதுவாக வரும் என்பது என் அனுபவம். குரல் ஏறும்போதே 'மணி என்ன?' என்று உள்ளே ஒன்று கேட்கும்.

கேள்வி: இதெல்லாம் வெளிநாட்டு இறக்குமதிதானே? நம் பாட்டிமார் நோட்டு போட்டா பிள்ளை வளர்த்தார்கள்?
– வாசகர், காரைக்குடி

பதில்: பாட்டி 23 பிள்ளைகளை ஒரே கூடத்தில் வைத்துக்கொண்டு வளர்க்கவில்லை, ஐயா. இறக்குமதி என்றால் ஒன்று சொல்கிறேன். மரியா மாண்டிசோரி என்ற இத்தாலியக் கல்வியாளர், பயிற்சி நடத்த 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தவர். இத்தாலி போரில் இறங்கியதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். ஆசிரியர் முதலில் பார்க்கப் பழக வேண்டும், பிறகுதான் சொல்லித்தர வேண்டும் என்பது அவருடைய பாடம். அதை நம் ஊரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். எங்கள் ஆயாவுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

கேள்வி: எழுதிய நோட்டை மேற்பார்வையாளரிடம் காட்டலாமா?
– பணியாளர், நாமக்கல்

பதில்: காட்ட வேண்டாம். நானே மேற்பார்வையாளராக இருந்தவள், அதனால் சொல்கிறேன். அதிகாரி பார்ப்பார் என்று தெரிந்தால் குழந்தைகள் மறுபடி மகிழ ஆரம்பித்துவிடுவார்கள். ஆயாவிடம் படித்துக் காட்டுங்கள். எங்கள் ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. பாத்திரம் கழுவிக்கொண்டே நான் படிப்பதைக் கேட்பார். நடுவில் நிறுத்தி, "அந்தப் பையன் அழுதது நீங்க அதட்டுனதால இல்ல டீச்சர். அன்னைக்கு அவனோட முட்டை கீழ விழுந்துடுச்சு, நீங்க பாக்கல" என்பார். நான் பேனாவை எடுப்பேன்.