29 வீல் வாங்கலாமா? மவுண்டன் பைக் கேள்வி-பதில்

என்னிடம் இருப்பது 26 இன்ச் வீல் வண்டி. ஆற்றங்கரைக் கல்பாதைக்கு 29தான் சரி என்கிறார்கள். மாற்றலாமா? (அம்பாசமுத்திரம்)

கல்பாதையில் 29 நன்றாக ஓடும், அதில் சந்தேகமில்லை. சக்கரம் பெரிதானால் கல்லில் மோதும் கோணம் குறையும். முட்டி நிற்காமல் ஏறிப் போய்விடும். சின்னக் குழிகளும் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ரிம், டயர், டியூப் எல்லாமே எடை கூடும். அந்த எடை சக்கரத்தின் விளிம்பில் இருப்பதால் நின்று நின்று கிளம்பும்போது காலுக்குத் தெரியும். குறுகலான வளைவுகளில் 26 மாதிரி சட்டென்று திரும்பாது.

கடையில் பெரும்பாலும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அதே அளவு பல்சக்கரங்களோடு 29 வண்டி எடுத்தால் ஒவ்வொரு கியரும் சுமார் 10 சதவீதம் கனமாகிவிடும். பாபநாசம் மலை ஏற்றத்தில் மூச்சு வாங்கும். முன்பக்கப் பல்சக்கரம் சிறியதாக உள்ள வண்டியாகப் பாருங்கள். வாரம் ஒரு நாள்தான் ஆற்றங்கரை என்றால் செலவே வேண்டாம். 26லேயே அகலமான நல்ல டயர் போடுங்கள், போதும்.

பழைய ஃபிரேமில் 29 வீல் மட்டும் மாட்ட முடியுமா? (மேலப்பாளையம்)

வேண்டாம். 26 ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மி.மீ., 29க்கு 622. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலும் பின்பக்கமும் இடம் போதாது. டிஸ்க் பிரேக் இல்லாத வண்டி என்றால் பிரேக் கட்டையும் ரிம்மைப் பிடிக்காது.

என் உயரம் ஐந்தடி. 29 சரிப்படுமா? (வள்ளியூர்)

சின்ன ஃபிரேமில் 29 வைத்தால் ஹேண்டில் உயர்ந்துவிடும், திருப்பும்போது ஷூ முனை முன்சக்கரத்தில் உரசவும் கூடும். 27.5 பாருங்கள். அது மட்டம் என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள்: 2012 லண்டன் ஒலிம்பிக் ஆண்கள் மவுண்டன் பைக் போட்டியில் 29ல் வந்த செக் வீரர் குல்ஹாவி தங்கம் வாங்கினார், 27.5ல் வந்த சுவிஸ் வீரர் ஷுர்ட்டர் ஒரே வினாடி பின்னால்.

தேரி மணலில் பெரிய வீல் புதையாதா? (திசையன்விளை)

கொஞ்சம் குறைவாகப் புதையும், அவ்வளவுதான். மணலில் கை கொடுப்பது டயரின் அகலமும் குறைந்த காற்றும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்றடியுங்கள்.

உடைமுள் பஞ்சருக்கு வீல் அளவு உதவுமா? (களக்காடு)

உதவாது. முள்ளுக்கு எல்லா வீலும் ஒன்றுதான். டியூப்லெஸ் டயரும், உள்ளே ஓட்டையை அடைக்கும் திரவமான சீலண்டும் போடுங்கள். நம்மூர் வெயிலில் சீலண்ட் சீக்கிரம் காயும். அவ்வப்போது திறந்து பார்த்து ஊற்றிக்கொள்ள வேண்டும்.