தொல்லியலையும் சுற்றுச்சூழல் விஞ்ஞானத்தையும் சேர்த்துப் படிக்கலாமா?

வன்னியில் உயர்தர மாணவர் பலர் கேட்பது இது. இரண்டும் சந்திக்கும் இடமே சுற்றுச்சூழல் தொல்லியல்: பழைய மனிதர் எத்தகைய காட்டில், எந்த மழையை நம்பி, எதை விளைவித்து வாழ்ந்தார்கள் என்று ஆராய்வது.

சான்று குளத்தடி வண்டலில் இருக்கிறது. காற்றுப் புகாத சேற்றில் மகரந்தத்தின் ஓடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். வீட்டுக் கோடியிலுள்ள குப்பைக் கிடங்கைப் போலத்தான்: மேலே நேற்றைய மீன்முள், அடியில் போன வருடத்துச் சிரட்டை. மேலடுக்குகளில் மர மகரந்தம் குறைந்து புல்லினம் கூடினால், காடு வெட்டி வயலாக்கியிருக்கலாம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கலைப் பாடம். வவுனியாவில் சுற்றுச்சூழல் விஞ்ஞானம் பிரயோக விஞ்ஞான பீடத்தில். விஞ்ஞானப் பிரிவினர் பின்னதில் தொடங்கட்டும். ஆய்வுகூடப் பழக்கம் பிந்தி வருவது கடினம்.

தொல்லியல் என்றால் புதையல் தோண்டுவதல்ல. கருகிய ஒரு நெல்மணியே போதும், கரிமக் காலக்கணிப்புக்கு, அதாவது அதில் எஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயதைக் கணிப்பதற்கு.